ஒரு பக்கம் உப்பளம்... மறுபக்கம் நெல் வயல்! மரக்காணம் கரையோரத்தில் யூரியா போட்டும் பயிர் தேறாதது ஏன்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தைக் கவனிக்காமல் கடக்க முடியாது. சாலையோரம் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள். கடலில் இருந்து உள்ளே வரும் தண்ணீரை பாத்தியில் தேக்கி, வெயிலில் காயவைத்து உப்பாக்கும் ஊர் இது. ஆனால் கொஞ்சம் உள்ளே திரும்பினால் காட்சி மாறிவிடும். ஏரிப் பாசனத்தையும் கிணற்றையும் போரையும் நம்பி நிற்கும் நெல் வயல்கள்.

ஒரே மழை. ஒரே நிலத்தடி. ஆனால் ஒருவருக்கு உப்பு வேண்டும், இன்னொருவருக்கு உப்பு வேண்டவே வேண்டாம். இந்த எல்லைக் கோட்டில்தான் ஒரு கேள்வி வருகிறது. பயிர் மஞ்சளாகத் தெரிந்தால் உடனே யூரியா மூட்டையைப் பிரிப்பது சரியா? தண்ணீரை மிச்சப்படுத்த வயலைக் காயவிடச் சொல்கிறார்களே, அது கடலோரத்துக்கும் பொருந்துமா?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யூரியா மூட்டையில் என்ன இருக்கிறது?

இன்று கடைகளில் கிடைக்கும் வேம்பு பூசிய யூரியா மூட்டை 45 கிலோ. முன்பு 50 கிலோவாக இருந்தது, 2018-ல் குறைக்கப்பட்டது. விலை 266 ரூபாய் 50 காசு. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். கணக்குப் போட்டால் ஒரு மூட்டையில் சுமார் 20.7 கிலோ தழைச்சத்து.

இதில் பயிர் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பதுதான் முக்கியம். தண்ணீர் தேங்கி நிற்கும் நெல் வயலில், போட்ட தழைச்சத்தில் பொதுவாக 30 முதல் 40 சதவீதம்தான் பயிருக்குள் போகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. அதாவது ஒரு மூட்டைக்கு 6 முதல் 8 கிலோ வரை. மீதியில் கொஞ்சம் மண்ணில் தங்கும். பெரும்பகுதி கைவிட்டுப் போய்விடும்.

அது எங்கே போகிறது?

மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி காற்று. தேங்கிய தண்ணீர் மேல் யூரியாவை வீசினால் அது சில நாட்களில் அம்மோனியமாக மாறும். பகலில் தண்ணீரில் இருக்கும் பாசி வேலை செய்யும்போது தண்ணீரின் காரத்தன்மை ஏறும். அப்போது அம்மோனியம், அம்மோனியா வாயுவாகி ஆவியாகப் பறந்துவிடும். வெயிலும் காற்றும் அதிகமான கடலோரத்தில் இந்த இழப்புக்கு வாய்ப்பு அதிகம். களர் நிலமாக இருந்தால் இன்னும் அதிகம்.

இரண்டாவது வழி மண்ணுக்குள்ளே நடப்பது. நெல் வயல் சேற்றின் மேல்தோலில் மட்டும் கொஞ்சம் ஆக்சிஜன் இருக்கும், அதற்குக் கீழே கிடையாது. மேலே நைட்ரேட்டாக மாறிய தழைச்சத்து கீழே இறங்கினால், அங்கிருக்கும் நுண்ணுயிரிகள் அதை நைட்ரஜன் வாயுவாகவும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் மாற்றி வெளியே அனுப்பிவிடும். வயல் ஒரு வாரம் காய்வதும் மறுவாரம் மூழ்குவதுமாக இருந்தால் இந்த வேலை வேகமெடுக்கும்.

மூன்றாவது வழி மடை. யூரியா போட்ட மறுநாள் மழை கொட்டி, வரப்பு உடைந்தாலோ மடை திறந்தாலோ, பணம் தண்ணீரோடு ஓடுகிறது என்று அர்த்தம்.

ஓடிப்போனால் யாருக்கு நஷ்டம்?

விவசாயிக்கு மட்டும் அல்ல. மரக்காணம், வானூர் பகுதி ஏரிகளின் உபரி நீர் போய்ச் சேரும் இடம் கழுவெளி. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்து பெரிய உவர்நீர் நீர்நிலை இது. 5,151 ஹெக்டேர் பரப்புள்ள கழுவெளியை 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் இது ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்தது. இங்கிருந்து ஓடை வழியாகவும் கழிமுகம் வழியாகவும் தண்ணீர் வங்கக் கடலுக்குப் போகிறது.

வயலில் இருந்து வடியும் தழைச்சத்து இப்படிப்பட்ட நீர்நிலையில் சேர்ந்தால் பாசியும் களைச்செடியும் பெருகும், தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீன் பாதிக்கப்படும். மணற்பாங்கான இடங்களில் நைட்ரேட் நிலத்தடி நீருக்குள்ளும் இறங்கும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் வரம்பு. அதைத் தாண்டினால் கைக்குழந்தைகளுக்குத்தான் முதல் ஆபத்து.

மஞ்சள் என்றாலே யூரியா குறைவா?

இங்கதான் கடலோர வயலின் முக்கியமான சிக்கல். பயிர் மஞ்சளாக, குட்டையாக நிற்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், மருந்து மட்டும் வேறு வேறு.

• தழைச்சத்துக் குறைவு: அடி இலைகள், அதாவது வயதான இலைகள், முதலில் வெளிறும். வயல் முழுக்க ஓரளவு ஒரே சீராகத் தெரியும்.

• உப்பு பாதிப்பு: இலை நுனி வெளுத்துக் காயும். தூர் கட்டாது. வயலில் அங்கங்கே திட்டுத் திட்டாகப் பயிர் அடிவாங்கி நிற்கும். மேடான இடங்களில் மண் மேல் வெள்ளை பூத்திருக்கலாம்.

• துத்தநாகக் குறைவு: நடவு செய்து 2 முதல் 4 வாரத்தில் இலையில் துருப்பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளிகள் வரும்.

இரண்டாவது, மூன்றாவது பிரச்சினைக்கு யூரியா மருந்தே கிடையாது. ஆனால் மூட்டை 266 ரூபாய்க்குக் கிடைக்கும்போது, 'எதற்கும் ஒரு கை போட்டு வைப்போம்' என்ற முடிவுதான் எளிதாக வருகிறது. உப்பால் வேர் தண்ணீர் குடிக்க முடியாமல் தவிக்கும் பயிருக்கு அந்தக் கூடுதல் யூரியா போய்ச் சேராது. போய்ச் சேர்ந்த இடத்தில் இலை மட்டும் கொழுக்கும். கொழுத்த பயிரைத் தேடித்தான் புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் வரும்.

நெல்லுக்கு எவ்வளவு உப்பு தாங்கும்?

மண்ணின் உப்பை மின்கடத்துத் திறனாக அளப்பார்கள். அலகு 'டெசி சீமென்ஸ்'. நெல்லுக்கு 3 வரை பெரிய பாதிப்பு இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு அலகு ஏறும்போதும் மகசூல் சுமார் 12 சதவீதம் குறையும் என்பது உலக அளவில் பயன்படுத்தப்படும் கணக்கு. நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும்தான் நெல் உப்புக்கு அதிகம் பயப்படும் காலங்கள்.

சரி, உப்பு எப்படி வயலுக்கு வருகிறது? கடல் நீர் நேரடியாகப் புகுவது ஒரு வழி. அதைவிடச் சத்தமில்லாத வழி, போர் தண்ணீர்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஏக்கரில் 5 செ.மீ உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் அது சுமார் 2 லட்சம் லிட்டர். அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 2 கிராம் உப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாயில் வைத்தால் கொஞ்சம் கரிக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒரு முறை பாய்ச்சினால் ஏக்கருக்கு 400 கிலோ உப்பு உள்ளே வருகிறது. 10 முறை பாய்ச்சினால் 4 டன். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. உப்பளத்தில் நடப்பதும் இதே கதைதான்! வடிகால் இல்லாத வயலில், கரிக்கும் தண்ணீரை வைத்து விவசாயம் செய்வது, தெரியாமலே ஒரு உப்புப் பாத்தி கட்டுவது மாதிரி.

போர் தண்ணீர் ஏன் கரிக்கிறது?

கடலோரத்தில் நிலத்துக்கு அடியில் நல்ல தண்ணீர், கனமான கடல் நீர் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. இதற்கு நூறாண்டுக்கு மேல் பழமையான ஒரு விதி உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நல்ல தண்ணீர் இருந்தால், கீழே 40 மீட்டர் ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் ஓட்டி ஓட்டி நீர்மட்டத்தை 1 மீட்டர் இறக்கினால், அடியில் உப்பு நீர் 40 மீட்டர் மேலே ஏறி வர வாய்ப்பு இருக்கிறது. இது ஒரு தோராயமான விதிதான், மண் அடுக்குகளைப் பொறுத்து மாறும். ஆனால் எச்சரிக்கை தெளிவானது.

தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம். அது பலருக்கு உயிர்நாடி, அதில் சந்தேகமில்லை. அதே நேரம், எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடியது என்று பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லாமல் போகிறது. யூரியாவும் மலிவு, மின்சாரமும் இலவசம் என்றால், இரண்டும் அளவு தாண்டுவதில் ஆச்சரியம் என்ன?

'காய்ச்சலும் பாய்ச்சலும்' இங்கே கைகொடுக்குமா?

வயலில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டியதில்லை, காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சலாம் என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் முறை. 30 செ.மீ நீளக் குழாயில் கீழ்ப் பாதியில் ஓட்டை போட்டு வயலில் புதைத்துவிட வேண்டும். குழாய்க்குள் தண்ணீர், மண் மட்டத்தில் இருந்து 15 செ.மீ கீழே இறங்கியதும் மறுபடி 5 செ.மீ கட்டினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும், ஒரு வாரம் முன்னும் பின்னும், தண்ணீரைக் காயவிடக் கூடாது. இதனால் 15 முதல் 30 சதவீதம் வரை தண்ணீர் மிச்சமாகும். வயலில் இருந்து வரும் மீத்தேனும் கணிசமாகக் குறையும். மோட்டார் குறைவாக ஓடினால் கடல் நீர் ஏறுவதும் தள்ளிப்போகும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உவர் நிலத்தில் ஒரு 'ஆனால்' உண்டு.

மேலே நிற்கும் நல்ல தண்ணீர், உப்பைக் கீழே அழுத்தி வைத்திருக்கிறது. வயலைக் காயவிட்டால், கீழே இருக்கும் உப்பு நீர், திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மண் துளைகள் வழியாக மேலே ஏறும். தண்ணீர் ஆவியாகி, வேர் இருக்கும் இடத்தில் உப்பு படிந்துவிடும். அதனால் உள்நாட்டில் நல்ல முறையாக இருப்பது, உப்பு நீர்மட்டம் மேலே இருக்கும் கரையோர வயலில் அப்படியே வேலை செய்யாது.

சிம்பிளாகச் சொன்னால்: மண் உப்பு குறைவு, பாசனத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்றால் காய்ச்சலும் பாய்ச்சலும் தாராளமாகச் செய்யலாம். மண் உவர் என்றால், மண் வெடிக்கும் அளவுக்குக் காயவிடாமல், மெல்லிய நீர் நிற்கும்படி வைத்து, நடுநடுவே பழைய தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் கட்டுவதுதான் பாதுகாப்பு. எது நம் வயல் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மண்ணையும் தண்ணீரையும் பரிசோதித்தால்தான் தெரியும்.

உவரும் களரும் ஒன்றா?

இல்லை. ஊரில் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். மின்கடத்துத் திறன் 4-க்கு மேல், கார அமில நிலை 8.5-க்குக் கீழ் என்றால் உவர் நிலம். இதற்கு மருந்து நல்ல தண்ணீரும் வடிகாலும். மழை நீரை வரப்பு கட்டித் தேக்கி, உப்பைக் கரைத்து வெளியேற்ற வேண்டும். கார அமில நிலை 8.5-க்கு மேல், சோடியம் அதிகம் என்றால் களர் நிலம். இதற்குத்தான் ஜிப்சம். உவர் நிலத்தில் ஜிப்சத்தைக் கொட்டுவது, காய்ச்சலுக்கு வயிற்றுவலி மாத்திரை தருகிற கதை.

இரண்டுக்கும் பொதுவாக உதவுவது தக்கைப்பூண்டு. உப்பைத் தாங்கி வளரும். ஏக்கருக்கு 2.5 டன் பசுந்தழை உரத்தை மடக்கி உழுதால் தழைச்சத்தில் ஒரு பங்கு அங்கேயே கிடைத்துவிடும், மண்ணும் பொலபொலப்பாகும். கோ 43, திருச்சி 1, திருச்சி 3 போன்ற ரகங்கள் உப்பு, களர் பாதிப்பை மற்ற ரகங்களைவிடத் தாங்கும். பாரம்பரிய ரகங்களில் குழியடிச்சான் கடலோர விவசாயிகளுக்குப் பழக்கமான பெயர்.

அப்போ யூரியா எவ்வளவு, எப்போது?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரைப்படி, மண் பரிசோதனை இல்லாதபோது, டெல்டாவுக்கு வெளியே குறுகிய கால ரகங்களுக்கு ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து. மத்திய, நீண்ட கால ரகங்களுக்கு 150 கிலோ. வெள்ளைப் பொன்னி போல உரத்துக்குக் குறைவாக ஈடுகொடுக்கும் ரகங்களுக்கு வெறும் 75 கிலோ.

ஏக்கர் கணக்கில் மாற்றினால், முழுக்க யூரியாவாகவே போட்டாலும், 120 கிலோவுக்குச் சுமார் இரண்டே கால் மூட்டை. 150 கிலோவுக்குக் கிட்டத்தட்ட 3 மூட்டை. வெள்ளைப் பொன்னிக்கு ஒன்றரை மூட்டை போதும். டி.ஏ.பி, தக்கைப்பூண்டு எல்லாம் போட்டிருந்தால் இதிலும் குறையும். பொன்னிக்கு 3 மூட்டை போட்டால் என்ன ஆகும்? வளரும், வளர்ந்து சாயும்.

உப்புத்தன்மை உள்ள நிலங்களுக்கு 25 சதவீதம் வரை கூடுதல் தழைச்சத்து என்ற பரிந்துரையும் உண்டு, அங்கே இழப்பு அதிகம் என்பதால். ஆனால் அது உப்பை வடித்த பிறகு, பிரித்துப் பிரித்துக் கொடுக்க வேண்டியது. உப்பை அப்படியே விட்டுவிட்டு ஒரே மூச்சில் கொட்டுவதற்கான அனுமதி இல்லை.

எப்போது போடுவது என்பதற்கு மலிவான ஒரு கருவி இருக்கிறது. இலை வண்ண அட்டை. நடவு செய்து 14-வது நாளில் இருந்து பூக்கும் வரை, வாரம் ஒரு முறை, காலை 8 முதல் 10 மணிக்குள், முழுதாக விரிந்த இளம் இலையை அட்டையில் இருக்கும் பச்சை நிறங்களோடு ஒப்பிட வேண்டும். வெயில் நேரடியாகப் படாமல் உடம்பால் மறைத்துப் பார்ப்பது முக்கியம். 10 இலைகளில் 6 இலைகள் 4-ஆம் எண்ணுக்குக் கீழ் இருந்தால் மட்டும் யூரியா. வெள்ளைப் பொன்னிக்கு 3-ஆம் எண். ஈரமான பருவத்தில் ஒரு தடவைக்கு ஏக்கருக்குச் சுமார் 26 கிலோ யூரியா, வறண்ட பருவத்தில் 31 கிலோ.

ஒரே எச்சரிக்கை: அட்டை நிறத்தைத்தான் காட்டும், காரணத்தைக் காட்டாது. உப்பாலோ துத்தநாகக் குறைவாலோ வெளுத்த இலையையும் அது 'யூரியா போடு' என்றே சொல்லும். கரையோரத்தில் அட்டையோடு மண் பரிசோதனையும் சேர வேண்டும்.

போடும் முறையிலும் பாதி வெற்றி இருக்கிறது. தண்ணீரை வடித்து, சேறு மட்டும் இருக்கும்போது யூரியா போட்டு, களை எடுக்கும் கருவியால் மண்ணோடு கலந்து, மடையை அடைத்து, ஒரு நாள் கழித்துத் தண்ணீர் கட்டினால் காற்றில் போவது குறையும்.

புயல் வந்தால்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மரக்காணத்துக்கு மேற்கே உள்ள மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ அளவுக்கு மழை கொட்டியது. இப்படி ஒரு மழையில் முந்தைய நாள் போட்ட யூரியாவில் என்ன மிஞ்சும்? வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானிலை எச்சரிக்கை இருந்தால் உரத்தைத் தள்ளிப்போடுவதே லாபம்.

மூழ்கிய பயிரைத் தேற்ற ஒரு பரிந்துரை உண்டு. தண்ணீரை வடித்த பிறகு, ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஒரு இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துப் போட வேண்டும். வடிக்காமல் போட்டால் பயன் இல்லை.

அதே மழை உப்பளத்தை மூடிவிடும், தொழிலாளிக்கு வேலை இருக்காது. ஆனால் வயலுக்கு அதுதான் இலவசமாகக் கிடைக்கும் உப்பு வைத்தியம். சம்பாவில் மழை நீர் உப்பைக் கழுவும். டிசம்பர், ஜனவரியில் தொடங்கும் நவரைக்கு, வெயில் ஏற ஏற கிணறும் போரும் கரிக்கத் தொடங்கும். ஆகவே நவரையில் நெல் போடும் முன் தண்ணீரைப் பரிசோதிப்பது கட்டாயம் என்றே சொல்லலாம்.

மற்ற ஊர்கள் என்ன சொல்கின்றன?

கேரளாவின் பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில், உப்பு நீர்த்திருக்கும்போது மட்டும் நெல். மழை ஓய்ந்து உப்பு ஏறியதும் அதே வயலில் இறால். ரசாயன உரம் இல்லாமலே நடக்கிறது. உப்பைத் தாங்கும் புதிய நெல் ரகங்களுக்காக உலகம் தேடிப்போன மரபணுப் பகுதியும் பொக்காளியில் இருந்து எடுத்ததுதான்.

எதிர்ப்பக்க உதாரணம் இலங்கை. 2021-ல் ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்தார்கள். நெல் மகசூல் சரிந்தது, அதே ஆண்டு நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றார்கள். யூரியா கெட்டது என்று ஒரே நாளில் நிறுத்துவதும் தீர்வு இல்லை என்பதற்கு இதைவிடப் பக்கத்து சாட்சி கிடையாது.

2021-ல் வந்த நானோ யூரியாவும் மூட்டைக்கு முழு மாற்று ஆகிவிடவில்லை. அதன் முதல் வடிவத்தில் 500 மி.லி பாட்டிலில் 4 சதவீதம், அதாவது 20 கிராம் தழைச்சத்து. மூட்டையில் இருப்பதோ 20 கிலோவுக்கு மேல். பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழக ஆய்வில் யூரியாவைக் குறைத்து இதை நம்பியபோது நெல், கோதுமை மகசூல் குறைந்தது.

பொறுப்பு விவசாயிக்கு மட்டுமா?

ஒரு மூட்டை யூரியாவின் உண்மையான விலை சுமார் 2,200 ரூபாய் என்று 2023-ல் மத்திய அரசே சொன்னது. விவசாயி கொடுப்பது 266.50, மீதி மானியம். டி.ஏ.பி மூட்டையோ 1,350 ரூபாய். விலை இப்படி இருக்கும்போது கை தானாக யூரியா பக்கம்தான் போகும். மண் வள அட்டைத் திட்டம் 2015-ல் வந்தது. ஆனால் அட்டை கையில் இருந்தால் மட்டும் போதாது. உப்பு அளவு ஒரே கிராமத்தில் வயலுக்கு வயல், ஒரே வயலில் மாசிக்கும் ஐப்பசிக்கும் மாறும். அதற்கேற்ப அடிக்கடி அளந்து சொல்ல ஆள் வேண்டும்.

கழுவெளிக்குள் வரும் கடல் நீரைத் தடுக்கும் கட்டமைப்பு, ஏரிகளின் வரத்துக் கால்வாய், வயலின் வடிகால் மூன்றும் தனி விவசாயி கையில் இல்லை. உப்பைக் கழுவி விடச் சொன்னால், கழுவிய தண்ணீர் போக வாய்க்கால் தூர்வாரி இருக்க வேண்டும் அல்லவா?

விவசாயி கையில் இருப்பது இவ்வளவு. திண்டிவனத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அடுத்த பட்டத்துக்கு முன் ஒரு பையில் மண்ணும் ஒரு பாட்டிலில் போர் தண்ணீரும் கொண்டுபோய் மின்கடத்துத் திறன், கார அமில நிலை, துத்தநாகம் மூன்றையும் பார்த்துவிட்டால், வாங்க வேண்டியது யூரியாவா, ஜிப்சமா, ஜிங்க் சல்பேட்டா, அல்லது மண்வெட்டி எடுத்து வடிகால் வெட்டினால் போதுமா என்பது தெரிந்துவிடும்.